வாழைத்தோப்பில் இருவர், ஓர் ஆடு: பச்சைக்கு நடுவே உருவங்களை வரையும் முறை

அடர்ந்த இலைகளுக்கு நடுவே மனிதர்களையும் ஒரு விலங்கையும் வரையும்போது, படம் கெடுவது பெரும்பாலும் முகத்தாலோ காலாலோ அல்ல, இலையால்தான். இலைகளில் ஒவ்வொன்றாகக் கவனம் வைத்து முடிப்பதற்குள் ஆட்கள் பச்சைக்குள் அமிழ்ந்துபோயிருப்பார்கள். அவர்களைத் திரும்ப வெளியே இழுக்க ஓரத்தில் கறுப்புக் கோடு போடுவார்கள். அப்போது உருவங்கள் ஸ்டிக்கர் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. கீழே உள்ள முறை முழுக்க அந்த ஒரு முடிவைக் கடைசிவரை காப்பாற்றுவதற்கானதே.

எடுத்துக்கொண்ட காட்சி: காலை எட்டு மணி வாக்கில் ஒரு வாழைத்தோப்பின் ஓரம். ஒரு பெண் கையில் அகத்திக்கீரைக் கட்டுடன் நிற்கிறாள். ஆடு தலையைத் தூக்கி அதை எட்டப் பார்க்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கயிற்றைப் பிடித்தபடி சற்றுப் பின்னால் நிற்கிறாள். அக்ரிலிக் வண்ணம், 24 அங்குல அகலம், 30 அங்குல உயரமுள்ள கேன்வாஸ்.

தேவையானவை

வண்ணங்கள் எட்டு போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரு நல்ல சிவப்பு, கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், தேலோ கிரீன். கடைசியாகச் சொன்னதன் ட்யூபில் பி.ஜி.7 என்ற நிறமி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். கறுப்பு வேண்டாம். ‘சேப் கிரீன்’, ‘லீஃப் கிரீன்’ என்று ஆயத்தமாக வரும் ட்யூப்களும் வேண்டாம். அவை கெட்ட வண்ணங்கள் அல்ல. ஆனால் கையில் இருந்தால் எல்லா இலைக்கும் அதையே எடுப்பீர்கள், தோப்பு முழுவதும் ஒரே பச்சையாகிவிடும்.

தூரிகைகள்: ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, 12ஆம் எண் தட்டை ஒன்று, முனை உருண்ட ஃபில்பர்ட் 8, உருண்டைத் தூரிகை 6ம் 2ம், நீண்ட மயிருள்ள ரிக்கர் ஒன்று. முடி விரிந்துபோன பழைய தூரிகை ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஆட்டு ரோமத்துக்கு ஆகும். இவற்றோடு கிளேசிங் மீடியம் (அடிப்பூச்சு ஊடே தெரியும்படி வண்ணத்தை மெலிதாக்கும் திரவம்), தண்ணீர் தெளிப்பான், சாக்பீஸ்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பலகையிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள ஒரு டிபன் டப்பாவில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாளை நான்கு மடிப்பாக விரித்து, அதன்மேல் பேக்கிங் பேப்பர் போட்டு, அதில் வண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். மின்விசிறிக்கு நேராக உட்கார வேண்டாம்.

தோப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

வளர்ந்த வாழை எட்டிலிருந்து பன்னிரண்டு அடி வரை போகும். அதாவது நிற்கும் பெண்ணைப் போல ஏறக்குறைய இருமடங்கு. அப்படியானால் அவள் முகத்துக்கு நேராக இருப்பது இலை அல்ல, வாழைத்தண்டும் தொங்கும் சருகும்தான். முக மட்டத்தில் விரிந்த வாழையிலைகளை அடுக்கிவிட்டு, அவற்றுக்குப் பின்னால் மரங்களையும் வளர்ந்த தோப்பாகக் காட்டும் படங்கள் இதனால்தான் உறுத்துகின்றன. முகத்தைச் சுற்றிப் பசுமை வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, நான்கைந்து மாதமே ஆன இளந்தோப்பை வரைவது. இன்னொன்று, பெரிய மரங்களின் அடியில் பக்கக்கன்றுகளையும், வாய்க்கால் ஓரமாகச் சேம்பையும் மஞ்சள் செடியையும் நிறுத்துவது. இரண்டாவதே நல்லது. ஏனெனில் அதில் நான்கு விதமான இலை வடிவங்கள் கிடைக்கின்றன. மேலே கிழிந்து தொங்கும் வாழை, நடுவில் நிமிர்ந்த கன்றிலை, கீழே இதய வடிவச் சேம்பு, ஈட்டி போல நிற்கும் மஞ்சள். நான்குக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வகையையும் கும்பலாக வையுங்கள். சமையலில் கொத்தமல்லி தூவுவது போல எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் தூவ வேண்டாம்.

மரங்கள் ஆறு, ஏழு அடி இடைவெளியில் வரிசையாக நடப்பட்டிருக்கும். வரிசைகளுக்கு இடையே ஒரு சந்து போல வெளிச்சம் வரும். இந்தச் சந்துதான் படத்தின் உயிர். அதைப் பெண்ணின் தலைக்கு நேர் பின்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

வெளிச்சம் பின்னிருந்து, இடப்பக்க மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இலைகள் மூன்று விதமாகத் தெரியும். நமக்கும் வெயிலுக்கும் நடுவே தொங்கும் இலை, ஒளி ஊடுருவுவதால் மஞ்சளோடிய பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மேற்புறத்தை வானத்துக்குக் காட்டிப் படுத்திருக்கும் இலை, வானத்தைப் பிரதிபலித்து நீலம் கலந்த வெளிர்சாம்பலாக இருக்கும். அதில் பச்சை குறைவு. நிழலில் இருப்பது அடர்ந்த, கொஞ்சம் பழுப்பேறிய பச்சை. வெயில் படுகிற இலையெல்லாம் மஞ்சள்பச்சை என்று நினைத்து நீலச்சாம்பலை விட்டுவிடுவதுதான் பரவலான பிழை. அந்தச் சாம்பல் இல்லாவிட்டால் இலைகளுக்கு மினுமினுப்பு வராது.

சிறு படமும் ஐந்து டோனும்

நோட்டுப் புத்தகத்தில் 2 அங்குலத்துக்கு 2½ அங்குலக் கட்டங்கள் நான்கு போடுங்கள். கேன்வாஸின் விகிதமும் அதுதான். பென்சிலால் ஐந்து டோன் மட்டும் பயன்படுத்தி நான்கு விதமாக அமைத்துப் பாருங்கள். 1 மிக இருட்டு, 5 மிக வெளிச்சம். முகம், மூக்கு, இலை நரம்பு எதுவும் வேண்டாம், திட்டுகள் மட்டும் போதும்.

வேலை செய்யக்கூடிய ஓர் அமைப்பு இது. பின்னணித் தோப்பு 2. வெளிச்சச் சந்து 4. நடுத்தர இலைகள் 3. ஆடு 1. பெண்ணின் தோல் 2, சேலை 3க்கும் 2க்கும் இடையில். முன்னால் இருக்கும் சேம்பிலைகள் மறுபடி 1ம் 2ம். 5ஐ எங்கேயும் பரவலாகத் தராதீர்கள். தோள் விளிம்பு, ஆட்டின் முதுகு விளிம்பு, ஓரிரு இலை நுனி ஆகியவற்றுக்குக் கடைசியில் கொடுப்பதற்காக அது காத்திருக்கட்டும்.

கரும்பழுப்பு முகம் வெளிச்சச் சந்துக்கு முன்னால் வருவதால் தானாகவே தெரியும், கோடு தேவைப்படாது. கறுப்பு ஆடு மண்தரைக்கும் வெளிர்ந்த கன்றிலைக்கும் முன்னால் வர வேண்டும். ஆட்டை இருட்டுப் புதருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பிறகு வெள்ளை ரோமம் வரைந்து காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை.

மூன்று தலைகளும் ஒரே கோட்டில் வரக்கூடாது. பெண்ணின் தலை மேலே, சிறுமியின் தலை படத்தில் அவளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே, ஆட்டின் தலை இடப்பக்கம் பெண்ணின் இடுப்புக்குக் கீழே. கீரைக்கட்டு கிட்டத்தட்ட நடுவில். பார்வை கீரையிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து கயிறு வழியாகச் சிறுமிக்கும் போகும். கயிற்றைத் தளர்வாக, ஒரு வளைவோடு விடுங்கள். விறைப்பாக இழுத்தால் அது நேர்க்கோடாகப் படத்தைக் குறுக்கே வெட்டும்.

அளவுகள்

நிற்கும் பெண் 14 அங்குலம், தலை 2 அங்குலம். ஏழு தலை உயரம். சிறுமி 11 அங்குலம், தலை 1¾ அங்குலம். சிறுவர்களின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. பெரியவர்களின் விகிதத்திலேயே சுருக்கினால் குட்டையான பெரியவள் போல ஆகிவிடும். சிறுமி சற்றுப் பின்னால் நிற்பதால் அவள் பாதம் பெண்ணின் பாதத்தைவிட அரை அங்குலம் மேலே வரட்டும், உயரத்தையும் கால் அங்குலம் குறைக்கலாம்.

ஆட்டின் முதுகு, பெண்ணின் தொடையின் மேற்பகுதி வரை வரும். இந்தப் படத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய 6½ அங்குலம். பலரும் ஆட்டைச் சின்னதாக வரைந்துவிடுகிறார்கள், அது நாய்க்குட்டியாகத் தெரிகிறது.

கேன்வாஸ், அடித்தளம், கோடு

வெள்ளைக் கேன்வாஸில் நேராக ஆரம்பிக்க வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் சரிபாதி கலந்து, தண்ணீர் விட்டு நீர்த்து, ஒரு அங்குலத் தூரிகையால் முழுவதும் பூசி, ஈரம் இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுங்கள். செம்மண் போன்ற நிறம் நிற்க வேண்டும். பின்னால் பச்சைகளுக்கு இடையே இந்தச் சிவப்பு ஊசிமுனையளவு எட்டிப் பார்க்கும்போது பச்சை உயிர் பெறும். அதை முழுக்க மூடிவிடாமல் இருப்பதும் ஒரு திறமை.

காய்ந்ததும் சாக்பீஸால் வரையுங்கள். பென்சில் வேண்டாம்; செம்மண் நிறத்தில் அது சரியாகத் தெரியாது, அழித்தால் கிராஃபைட் பரவி வெளிர் வண்ணங்களை அழுக்காக்கும். சாக்பீஸ் ஈரத்துணியில் போய்விடும். கோடு திருப்தியானதும், நீர்த்த பர்ன்ட் சியன்னாவால் மூன்று உருவங்களின் வெளிவடிவத்தை மட்டும் மறுபடி போடுங்கள். இலைகளுக்குக் கோடு தேவையில்லை. பெரிய வாழையிலைகளின் நடுநரம்பு போகும் திசையை ஒரே வளைவாகக் குறித்தால் போதும்.

பச்சைகளைக் கலப்பது

தேலோ கிரீன் வீரியமானது. ஒரு பட்டாணி அளவு எடுத்தால் பலகை முழுவதையும் பச்சையாக்கிவிடும். எப்போதும் மற்ற வண்ணத்தை முதலில் வைத்து, அதில் இதைத் துளித்துளியாகச் சேருங்கள்.

தேலோ கிரீன் ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா மூன்று பங்கு: நிழலிலுள்ள இலையின் ஆழ்ந்த பச்சை.

தேலோ கிரீனும் கிரிம்சனும் ஏறக்குறைய சமம்: கறுப்புக்கு நெருக்கமான இருட்டு. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினால் பச்சைக் கறுப்பு, அந்தப் பக்கம் தள்ளினால் ஊதாக் கறுப்பு. இலைகளின் அடியில் ஊதாப் பக்கம் நல்லது.

அல்ட்ராமரினும் லெமன் யெல்லோவும்: அடங்கிய நடுத்தரப் பச்சை, கன்றிலைகளுக்கு.

அல்ட்ராமரினும் ஓக்கரும்: மந்தமான ஆலிவ். தூரத்துத் தோப்புக்கும் மஞ்சள் செடியின் நிழல் பக்கத்துக்கும்.

லெமன் யெல்லோவில் தேலோ கிரீன் ஒரு புள்ளி: வெயில் ஊடுருவிய இலை.

வெள்ளையும் அல்ட்ராமரினும், நடுத்தரப் பச்சை கால் பங்கும், சியன்னா ஒரு துளியும்: வானத்தைப் பிரதிபலிக்கும் மேற்புறம்.

பச்சையை வெளிராக்க வெள்ளையைச் சேர்ப்பது கைப்பழக்கம். அது பச்சையைச் சுண்ணாம்படித்த சுவர் போல ஆக்கும். மஞ்சளைச் சேர்த்து வெளிராக்குங்கள். வெள்ளை தேவைப்படுவது கடைசிக் கலவைக்கும் தூரத்து மூட்டத்துக்கும்தான்.

பின்னணி இருட்டுக் கலவையை மட்டும் முதலிலேயே 50 மி.லி. அளவுக்குக் கலந்து, மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதால், காகிதத் துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்தபிறகே கலவையை முடிவு செய்யுங்கள்.

பின்னணி

ஒரு அங்குலத் தூரிகையால் இருட்டுக் கலவையைப் பின்னணி முழுவதும், உருவங்களின் கோட்டுக்கு உள்ளேயும் சற்று நுழையும்படி அடியுங்கள். உருவத்தைச் சுற்றி ஜாக்கிரதையாகக் கத்தரித்து அடித்தால் ஓரத்தில் செம்மண் நிற வளையம் மிஞ்சும், அதுவே பிறகு ஸ்டிக்கர் தோற்றத்தைத் தரும். வெளிச்சச் சந்து வரும் இடத்தில் மட்டும் இருட்டைப் போடாமல், ஓக்கர், வெள்ளை, ஆலிவ் கலந்த வெளிர் மூட்டத்தை வைத்து, இரண்டும் சேரும் ஓரத்தை ஈரத்தோடு தேய்த்து மங்கலாக்குங்கள். அந்த மூட்டத்தில் மூன்று நான்கு வாழைத்தண்டுகள், ஆலிவின் இரண்டு டோன்களில். தூரத்துத் தண்டு மெலிதாகவும் வெளிராகவும் இருக்கட்டும்.

தண்ணீரைப் பாதிக்கு மேல் சேர்க்காதீர்கள். அதிக நீர்த்தால் பசைத்தன்மை குறைந்து, அடுத்த பூச்சு போடும்போது அடிப்பூச்சு கரைந்து வரும். மெலிதாக வேண்டும் என்றால் மீடியம் சேருங்கள்.

இலை: வரைவதும் வெட்டுவதும்

நடுத்தர இலைகளை இலையாக வரையாமல் முதலில் திட்டாக வையுங்கள். ஆலிவும் நடுத்தரப் பச்சையும் பரவிய ஒரு பெரிய ஒழுங்கற்ற திட்டு. காய்ந்ததும், டப்பாவிலுள்ள இருட்டுக் கலவையை எடுத்து, இலைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளிகளை வரையுங்கள். இடைவெளி விழ விழ மிஞ்சிய பச்சை இலையாக மாறும். இப்படி வெட்டி எடுத்த இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்தில் போய் உட்காரும். இலையை மேலே ஒட்டிக்கொண்டே போனால் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடும். இமயமலைப் பகுதியின் பஹாரி சிற்றோவியங்களில் இதற்கு நேர்மாறான வழியைப் பார்க்கலாம். மரத்தை இருட்டுத் திட்டாக வைத்து அதன்மேல் வெளிர் இலைகளை ஒவ்வொன்றாக எழுதுவார்கள். அது தட்டையான, அலங்காரமான படத்துக்குப் பொருந்தும். பின்வெளிச்சமுள்ள இந்தக் காட்சிக்குப் பொருந்தாது.

இடைவெளிகள் எல்லாம் முக்கோணமாகவும் ஒரே அளவாகவும் வருகிறதா என்று கவனியுங்கள். கை தானாகவே அப்படித்தான் போகும். சிலவற்றை நீளமாக, சிலவற்றை ஊசி போல, ஓரிரண்டை உள்ளங்கை அகலத்துக்கு விடுங்கள்.

முன்னே வரும் வாழையிலைகளைத்தான் முழுதாக வரைய வேண்டும், அதுவும் நான்கைந்துக்கு மேல் இல்லாமல். நடுநரம்பை முதலில் ரிக்கரால் வெளிர் மஞ்சள்பச்சையில் ஒரே வீச்சாகப் போடுங்கள். அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும். பிறகு 12ஆம் எண் தட்டைத் தூரிகையால், நரம்பிலிருந்து ஓரத்துக்கு, நுனியை நோக்கிச் சற்று வளைந்த வீச்சுகள். வாழையிலையின் பக்க நரம்புகள் அப்படித்தான் இணையாக ஓடுகின்றன. இலை கிழிவதும் அந்த நரம்புகளின் வழியேதான். எனவே கிழிசலை இருட்டுக் கலவையால் ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி அதே சாய்வில் வெட்டுங்கள், நரம்பைத் தொட வேண்டாம். கிழிந்த பட்டைகளில் ஒன்றிரண்டைக் கீழே மடிந்து தொங்க விடுங்கள். கிழிசல் நடுநரம்புக்கு இணையாகவோ குறுக்கு மறுக்காகவோ போனால் அது வாழை அல்ல என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

நடுநரம்பின் இருபக்கமும் ஒரே டோனில் இருக்கவே கூடாது. ஒரு பக்கம் வானத்தைப் பார்த்து நீலச்சாம்பல், மறுபக்கம் சரிந்து அடர்பச்சை. இந்த ஒரு வித்தியாசமே இலையை மடிப்புள்ளதாகக் காட்டப் போதும், நரம்புகளை எண்ணி எண்ணி வரையத் தேவையில்லை. விரியாத குருத்து ஒன்றைச் செங்குத்தாக, மஞ்சள்பச்சையில் வையுங்கள். தொங்கும் சருகுகளைச் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த சாம்பல்பழுப்பில், பழைய தூரிகையால் உலர்வாக இழுங்கள். சருகு இல்லாத தோப்பு பிளாஸ்டிக் போலிருக்கும். பச்சைக்கு நடுவே கண் இளைப்பாறும் இடமும் அதுதான்.

சேம்பிலையில் கவனிக்க வேண்டியது காம்பு. அது இலையின் ஓரத்தில் சேராமல், அடிப்பக்கத்தில் சற்று உள்ளே தள்ளிச் சேரும். அங்கிருந்துதான் நரம்புகள் பிரியும். நுனி கீழே தொங்கும். வாழைபோலப் பளபளப்பு இருக்காது, ஆகவே வெண்ணிறப் பட்டைகள் போடாமல் மெதுவான டோன் மாற்றம் போதும்.

காட்டுக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஹென்றி ரூசோ பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸின் தாவரவியல் பூங்காவில் பார்த்த செடிகளைப் பெரிதாக்கித்தான் காடுகளை எழுதினார். நம் தெருமுனையிலேயே வாழையும் சேம்பும் நிற்க, இணையத்தில் படம் தேடத் தேவையில்லை. போன் கேமரா நிழலைக் கறுப்பாகவும் வெயிலை வெள்ளையாகவும் அடித்துவிடும். நிழலுக்குள் இருக்கும் நிறத்தை நேரில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மனிதர்கள்

வெளிச்சம் பின்னால் இருப்பதால் முகமும் முன்னுடம்பும் நிழலில்தான் இருக்கும். அடிநிறம்: சியன்னா மூன்று பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரின் ஒரு பங்கு. ஃபில்பர்ட்டால் முகம், கழுத்து, கை முழுவதையும் இதே நிறத்தில் நிரப்புங்கள். பிறகு ஓக்கரும் துளி சிவப்பும் கூட்டிய சற்று வெளிர்ந்த கலவையால் கன்னம், மூக்குத் தண்டு, முன்கை. நெற்றி, தோள்மேல் போன்ற வானம் பார்க்கும் இடங்களில் அடிநிறத்தோடு கொஞ்சம் அல்ட்ராமரினும் வெள்ளையும். கருந்தோலின் மினுக்கு நீலம் சார்ந்தது. அங்கே வெள்ளையையும் ரோஜா நிறத்தையும் வைத்தால் பவுடர் பூசியது போலாகும்.

தாடையின் அடியிலும் மேற்கையின் உட்புறத்திலும் இலைகளிலிருந்து பட்டுத் திரும்பும் பச்சை ஒளி இருக்கும். அடிநிறத்தோடு ஆலிவைக் கால் பங்கு சேர்த்து, டோன் மாறாமல் வையுங்கள். உருவம் தோப்புக்குள் இருப்பதாகத் தோன்றுவது இந்தச் சிறு பச்சையால்தான். அதிகமானால் நோயாளி போலத் தெரியும், அதனால் இரண்டு மூன்று இடம் போதும்.

2 அங்குலத் தலையில் கண்ணை முழுதாக எழுத இடமில்லை. புருவத்தடி நிழல், மேல் இமைக்கோடு, மூக்கடி நிழல், உதடுகள் சேரும் கோடு, கீழுதட்டின் அடி நிழல்: ஐந்தும் சரியான இடத்தில் விழுந்தால் முகம் வந்துவிடும். கண்ணின் வெள்ளையை வெள்ளையாக வைத்தால் முறைத்துப் பார்ப்பாள். தோல் நிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்த சாம்பல் போதும்.

சேலைக்குச் சிவப்புதான் எளிய வழி, பச்சைக்கு எதிர்நிறம். ஆனால் ட்யூபிலிருந்து வரும் சுத்தச் சிவப்பை அப்படியே வைத்தால் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் நிழல்பச்சையைத் துளி சேர்த்துச் செங்கல் நிறமாக்கி, பளிச்சென்ற சிவப்பை வெயில்படும் தோள் (படத்தில் இடப்பக்கத் தோள்) மடிப்பில் மட்டும் விடுங்கள். கண்டாங்கிக் கட்டங்கள் ஆசை காட்டும். மடிப்பு வளைகிற இடமெல்லாம் கட்டமும் வளைந்து, ஒடுங்கி, மறைய வேண்டும். அது கைவராவிட்டால் கரையை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வது மேல். சிறுமிக்கு மஞ்சள் பாவாடை வேண்டாம், வெயில்பட்ட இலைகளோடு கரைந்துவிடும். வெளுத்த ஊதா அல்லது அழுக்கு வெள்ளை நன்றாக நிற்கும். அந்த வெள்ளையும் நிழலில் சாம்பல்பச்சையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆடு

கன்னி ஆடு இந்தப் படத்துக்குப் பொருத்தம். கரிய உடம்பு, முகத்தின் இருபுறமும் வெண்பட்டை. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்து இனம். இருட்டான உடம்பு வெளிர் தரைக்கு முன்னால் நிற்கும், வெண்பட்டை பார்வையைத் தலைக்கு இழுக்கும்.

உடம்பை ஒரு பீப்பாயாகவும் கழுத்தை முன்னோக்கிச் சாய்ந்த கூம்பாகவும் தலையை ஆப்பு வடிவமாகவும் முதலில் கட்டுங்கள். பின்னங்காலில் பின்புறமாக மடங்கித் தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் வரைந்த பின்னங்கால் நாற்காலிக் கால் போல நேராக நிற்கும். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்திருக்கும். தொங்கவிட்டால் செம்மறி ஆகிவிடும். கண்ணின் பாவை படுத்த செவ்வகம். இந்த அளவில் அது ஒரு சிறு படுக்கைக் கோடுதான், ஆனால் உருண்டைப் புள்ளி வைத்தால் ஆட்டின் பார்வை போய்விடும்.

கறுப்பை அல்ட்ராமரினும் சியன்னாவும் சரிபாதியாகக் கலந்து எடுங்கள். முதுகில் நீலம் கூட்டியது, வயிற்றுப் பக்கம் சியன்னா கூட்டியது. அடிவயிற்றில் மண்ணிலிருந்து ஏறும் செம்மை கொஞ்சம் இருக்கட்டும். உடம்பு முழுவதும் ரோமம் இழுக்க வேண்டாம். பழைய தூரிகையில் வண்ணத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, கழுத்தடி, முதுகுத்தண்டு, தொடையின் பின்விளிம்பு ஆகிய மூன்றிடங்களில் ரோமம் வளரும் திசையில் இழுத்தால் போதும், மற்றதைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

அகத்திக்கீரையும் அதே மாதிரிதான். நீலம் சார்ந்த பச்சையில் ஒரு கட்டு, அதன் ஓரத்தில் மட்டும் எதிரெதிர் சிற்றிலைகள் உள்ள ஐந்தாறு இணுக்கு.

ஒட்டவைப்பது

மூன்று உருவங்களும் முடிந்தபின், அவற்றின் விளிம்புகளை எட்டி நின்று பாருங்கள். எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் அதுதான் குறை. முகம், கீரை பிடித்த கை, ஆட்டின் முகம்: இந்த மூன்றிடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். கூந்தலின் பின்பக்கம், சேலையின் நிழல்பக்கம், ஆட்டின் பின்தொடை ஆகியவற்றைப் பின்னணி இருட்டோடு கரையவிடுங்கள்.

அடுத்தது காலடி. பாதமும் குளம்பும் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கோடாக மிக அடர்ந்த இருட்டு, அதிலிருந்து விலக விலக மங்கும் நிழல். வெளிச்சம் பின்னால் இடப்பக்கம் என்பதால் நிழல் நம்மை நோக்கி வலப்பக்கமாகச் சரிய வேண்டும். மூன்று உருவங்களுக்கும் ஒரே சரிவு. இது இல்லாவிட்டால் எல்லாரும் மிதப்பார்கள்.

முன்னால் ஒரு சேம்பிலையும் மஞ்சள் செடியின் இரண்டு இலையும் பெண்ணின் சேலைக்குக் குறுக்கே வரட்டும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே. இலை மூட்டை மறைத்தால் கால் முறிந்ததுபோலத் தெரியும். இலை நுனி உருவத்தின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கக்கூடாது. ஒன்று நன்றாகக் கடந்து போகட்டும், இல்லை விலகி நிற்கட்டும். நான்கு மூலையிலும் இலைகளை வளைத்து மாலை போலச் சுற்றும் ஆசையையும் அடக்குங்கள். ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

தரையில் விழும் வெயில்பொட்டுகள் சூரியனின் பிம்பங்கள். இலையிடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், உயரத்திலிருந்து விழும் பொட்டு வட்டமாகவே வரும். நாம் சாய்வாகப் பார்ப்பதால் அது படுத்த நீள்வட்டமாகத் தெரியும். நான்கைந்து ஒன்றோடொன்று மேலேறிக் கிடக்கட்டும், சில தனியாக. சேலையில் விழுபவை மடிப்போடு வளையும். முகத்தில் வேண்டாம், தழும்பு என்று நினைப்பார்கள்.

கிளேஸும் கடைசி வெளிச்சமும்

போனில் படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முதலில் போட்ட பென்சில் கட்டத்தோடு ஒப்பிட்டால் எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நடுத்தர இலைகள் வெளிராகிப் போயிருக்கும், நிறம் வேறாக இருந்தாலும் டோன் முகத்துக்குச் சமமாகியிருக்கும். மீண்டும் வரையத் தேவையில்லை. அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த துளியைப் பத்துப் பங்கு கிளேசிங் மீடியத்தில் கரைத்து அந்தப் பகுதி முழுவதும் மெலிதாகப் பூசுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தால் தோல் போல உரிந்து வரும்.

வெயில் ஊடுருவும் இலைகளுக்கு லெமன் யெல்லோ கிளேஸ். கீழே வெளிர்பச்சை இருந்தால்தான் இது ஒளிரும், இருட்டின்மேல் போட்டால் சேறுதான் மிஞ்சும்.

பிறகு காத்திருந்த 5. வெள்ளை, ஓக்கர், துளி சிவப்பு சேர்த்துக் கெட்டியாக, நீர் சேர்க்காமல், 2ஆம் எண் தூரிகையால்: பெண்ணின் இடத்தோள் விளிம்பு, கூந்தலின் மேலோரம், சிறுமியின் காது மடல், ஆட்டின் முதுகும் கொம்பும். கோடு தொடர்ச்சியாக ஓடாமல் இரண்டு மூன்று இடத்தில் அறுந்து விடட்டும். இலை நுனிகளுக்கு மூன்று நான்கு தொடுதல், அவையும் முகத்தைவிட மங்கலாக.

வார்னிஷ் அடிக்கும் முன் இரண்டு வாரம் விடுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் கெட்டியாகப் போட்ட இடங்களில் உள்ளே ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்னிஷ் வேலையே வேண்டாம். காற்றின் ஈரத்தால் வெள்ளை மூட்டம் படியும், இந்தப் படத்தின் இருட்டுப் பச்சையில் அது உடனே தெரியும். வெயில் காய்ந்த ஒரு நாளில், கேன்வாஸைப் படுக்கவைத்து, மேட் வார்னிஷை அகலத் தூரிகையால் ஒரே திசையில் மெலிதாக அடித்து, அது காய்ந்ததும் குறுக்காக இரண்டாவது பூச்சு கொடுங்கள். பளபளப்பு வார்னிஷ் இருட்டை இன்னும் ஆழமாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் தோப்புக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.